ரவுண்டு, எக்ஸ், டப்பா, முக்கோணம்

அந்த ரிமோட்டில் குறிகளே இருக்காது. எத்தனையோ பிள்ளைகளின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து நான்கு பட்டன்களும் கூழாங்கல்போல வழவழவென்று ஆகியிருக்கும். எது எக்ஸ், எது முக்கோணம் என்பதைக் கைதான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கன்ட்ரோலர் என்ற சொல் பிற்பாடு வந்தது. எங்களுக்கு அது ரிமோட். வட்டம் ரவுண்டு. சதுரம் டப்பா.

மதுரை சிம்மக்கல் பக்கம், ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தக் கடை. 2007 வாக்கில் அங்கே மூன்று பிளேஸ்டேஷன் 2, மூன்று பழைய டிவி, சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு. மணிக்கு 20 ரூபாய், அரை மணிக்கு 10. மின்விசிறி சுற்றும், காற்று வராது. வியர்வையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை உண்டு. இன்றைக்கும் ஏதாவது பழைய மின்சாதனக் கடையைக் கடக்கும்போது அது சட்டென்று மூக்கில் ஏறி, என்னைப் பத்து வயதில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆடுவது பெரியப்பா மகன் அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது நான். ஆட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: 2005இல் வந்த ‘காட் ஆஃப் வார்’. அதிலும் அதன் தொடக்கம்தான். கடைக்கு இருந்ததே 8 எம்பி மெமரி கார்டு ஒன்று. நேற்று அண்ணன் சேமித்துவைத்ததை இன்று காலையில் வேறு யாரோ அழித்து எழுதியிருப்பார்கள். மறுபடி ஏஜியன் கடல், புயல், சிதைந்த கப்பல், ஹைட்ரா. அந்தப் பல தலைப் பாம்பை நாங்கள் எத்தனை முறை கொன்றிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை.

அடித்து அடித்து அது தளர்ந்ததும் திரையில் ரவுண்டு தோன்றும். உடனே பெஞ்சே எழுந்துவிடும். “ரவுண்டு! ரவுண்டு அமுக்குண்ணே!” நேரத்துக்கு அமுக்கினால் ஆட்டத்தின் நாயகன் க்ராட்டோஸ் அந்தப் பெருந்தலையை இழுத்துவந்து, உடைந்த பாய்மரத்தின் கூரில் செருகுவான். பிந்தினால் அவன் தூக்கி எறியப்படுவான். மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி அந்த ரவுண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் திரும்பி வரும்போது அண்ணனிடம் கேட்டேன்: “பாம்பு வாய்க்குள்ள மரம் போறப்ப கண்ணு எப்படி ஆகுது பாத்தியாண்ணே?” அவன் கொஞ்சம் யோசித்தான். “நான் எங்கடா பாத்தேன். நான் பட்டனைல்ல பாத்துக்கிட்டு இருந்தேன்.”

இந்த ஒரு பதிலை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். திரையில் தோன்றும் பட்டனை நேரத்துக்கு அமுக்க வேண்டிய, க்விக் டைம் ஈவென்ட் என்கிற இந்த முறை ஆட்டத்தை வளர்த்ததா, கெடுத்ததா என்று எங்கே பேச்சு எழுந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அண்ணனின் முகம்தான். காசு கொடுத்தவன் அவன், விரல் நோக அமுக்கியவன் அவன், ஹைட்ராவைக் கொன்றவனும் அவன். அது செத்ததைப் பார்த்தது நான்.

எங்கள் தெருவில் சாயங்காலம் அக்காமார் கயிறு சுற்றுவார்கள். இரண்டு பேர் இரு முனையைப் பிடித்துப் பெரிய கயிற்றைச் சுழற்ற, மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து குதிக்க வேண்டும். அதுவும் நேரம் பார்த்துச் செய்கிற ஆட்டம்தான். அரை நொடி தப்பினால் கயிறு முழங்காலில் சுளீரென்று விழும். ஆனால் எப்போது நுழைய வேண்டும் என்பதைக் கயிறேதான் சொல்லும். மண்ணில் அது தட்டுகிற ஓசையும் மேலே எழும் வளைவும்தான் அடையாளம். பார்க்க வேண்டியதும் கயிறு, தாண்ட வேண்டியதும் கயிறு. கண்ணும் காலும் ஒரே இடத்தில் இருந்தன. கடையில் அண்ணனுக்கு அவை பிரிந்துபோயிருந்தன.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். 1983இல் அமெரிக்காவில் ‘டிராகன்ஸ் லேர்’ என்ற ஆட்டப் பெட்டி வந்தது. டிஸ்னியிலிருந்து விலகிவந்த டான் ப்ளூத் வரைந்த அசல் கார்ட்டூன் படம், லேசர் டிஸ்க்கிலிருந்து ஓடும். அந்தக் காலத்து ஆட்டங்கள் புள்ளிகளாலும் கட்டங்களாலும் ஆனவை. அவற்றுக்கு நடுவே சினிமா போன்ற படம். ஆனால் எழுதிவைத்த படத்தை ஆடுகிறவர் எப்படி மாற்ற முடியும்? குறித்த கணத்தில் சரியான பக்கம் தள்ளினால் அடுத்த காட்சி, தவறினால் சாவு. அழகான படத்துக்குள் கைக்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையில் பிறந்த வழி அது. 1999இல் யூ சுஸுகி ட்ரீம்காஸ்ட் கருவிக்காகச் செய்த ‘ஷென்மூ’ அதற்குப் பெயரும் கொடுத்துப் பரப்பியது.

அந்த வழி மோசமாகப் போன இடத்தையும் அந்தப் பெஞ்சிலிருந்தே பார்த்திருக்கிறேன். ‘ரெசிடென்ட் ஈவில் 4’. அதில் நாயகன் லியானும் எதிரி க்ராசரும் கத்தியோடு மோதும் காட்சி. இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், படம்தான் ஓடுகிறது என்று தோன்றும். அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கினான். அந்த நொடியில் பட்டன் மின்னி மறைந்தது, லியான் செத்துக்கிடந்தான். அரை மணி முடிய நான்கு நிமிடம் இருந்தது. அவன் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தில் பேச்சுக் காட்சி வந்தாலும் ரிமோட்டைக் கீழே வைக்கவே மாட்டான். கதை கேட்கும்போதுகூட விறைப்பாகவே இருப்பான். ஓர் ஆட்டம் ஆடுகிறவனின் நம்பிக்கையைக் கெடுப்பது இப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கெடுத்தது மட்டும்தானா என்றால், இல்லை. ‘காட் ஆஃப் வார்’ ஆட்டத்திலேயே பாம்புத்தலை மெடூசா வருவாள். அவள் தலையைத் திருகி எடுக்க ரிமோட்டின் குச்சியை வட்டமாகச் சுழற்ற வேண்டும். திரையில் கை திருகும். இங்கே அண்ணனின் விரலும் திருகும். அப்போது மட்டும் அவன் பல்லைக் கடித்திருப்பான்.

வேலைக்குப் போன பிறகு, 2010இல் வந்த ‘ஹெவி ரெயின்’ ஆடினேன். அதில் மகனைத் தேடும் தகப்பன் ஒருவன் மின்கம்பிகளுக்கு நடுவே உடம்பை வளைத்து நுழைவான். ஒரு பட்டனைப் பிடித்தபடியே இன்னொன்று, அதையும் விடாமல் மூன்றாவது, நான்காவது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு நடுங்கின. அந்த நடுக்கம் அவனுடையதாகவும் இருந்தது. கயிற்றாட்டத்துக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிட்ட இடம் அது. திரையில் நடப்பதன் பாரம் கைக்கும் வந்தால் இந்த முறை ஆட்டத்தை வளர்க்கிறது. படத்தை மறைத்துக்கொண்டு வாசலில் காவல் நின்றால் கெடுத்துவிடுகிறது. என் அனுபவம் இவ்வளவுதான் சொல்லும்.

செய்கிறவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2010இல் ‘காட் ஆஃப் வார்’ மூன்றாம் பாகம் வந்தபோது, பட்டன் அடையாளங்களைத் திரையின் ஓரங்களுக்கு நகர்த்திவிட்டார்கள். முக்கோணம் மேலே, எக்ஸ் கீழே, டப்பா இடப்பக்கம், ரவுண்டு வலப்பக்கம். ரிமோட்டில் இருக்கும் அதே திசைகள். கண் படத்திலேயே இருக்கலாம், ஓரக்கண்ணுக்கு ஒளி பட்டால் போதும். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணனுக்காகச் செய்ததுபோல இருந்தது. 2023இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ஐ மறுபடி செய்தபோது அந்தக் கத்திச் சண்டையையே உண்மையான சண்டையாக மாற்றிவிட்டார்கள். க்ராசரின் கத்தி வருவதைப் பார்த்து நம் கத்தியால் தடுக்க வேண்டும். கயிறேதான் அடையாளம்.

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

அண்ணன் லேத் பட்டறையில் இருக்கிறான். சில வருடங்களுக்கு முன் வேலையில் அடிபட்டு அவனுடைய வலது கட்டைவிரல் சரியாக மடங்குவதில்லை. போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ போட்டுக் கொடுத்தேன். அதில் இந்தப் பட்டன் காட்சிகள் தாமாகவே முடியும்படி அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. விரல் முடியாதவரை வாசலில் நிறுத்தாத ஏற்பாடு அது. எல்லா ஆட்டத்திலும் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஸ்பைடர்மேன் விழுந்தான், வலை பிடித்தான், எழுந்தான். அண்ணன் கண் இமைக்காமல் முழுதும் பார்த்தான். முடிந்ததும், “இப்பல்லாம் யாரும் கத்த வேண்டியதில்ல போல” என்றான். குரலில் குறை எதுவும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது.

அந்த நாட்களில் ஒருமுறை, கடையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மழை நாள். ஹைட்ரா தளர்ந்து தலையைத் தாழ்த்தும் நேரத்தில் அண்ணன் என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டான். “இன்னைக்கு நீ பட்டனைப் பாத்துச் சொல்லுடா. நான் படத்தைப் பாக்குறேன்.” நான் திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நான் சொல்லச் சொல்ல அவன் அமுக்கினான். ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த முறை ஹைட்ரா எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரவுண்டும் அதைச் சுற்றியிருந்த வெளிச்சமும்தான்.

யானைக்கல் பாலத்தில் நனைந்தபடி நடந்து வரும்போது அவன் அதைச் சொல்லிக்கொண்டே வந்தான். மரம் எப்படி ஏறியது, கண் எப்படி உருண்டது, தலை எப்படித் தொங்கியது. நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டதுதான். வீடு வரும்வரை ‘உம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன்.