மார்கழி... பைக்... காட்டுப்பள்ளி!

'மெட்ராஸ்ல ஏது பாஸ் குளிர்காலம்?' என்று சிரிக்கிற ஆளா நீங்கள்? ஒரே ஒரு தடவை, மார்கழி மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு ராயபுரத்தில் பைக்கை உதைத்து, காட்டுப்பள்ளி வரை போய்விட்டு வந்து சொல்லுங்கள். பல் தந்தியடிக்கவில்லை என்றால் டீக்காசு நான் தருகிறேன்.

கணக்குப்படி பார்த்தால் இதெல்லாம் குளிரே இல்லை. சென்னையில் பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. இப்போதெல்லாம் மார்கழி, தை விடியலில் 20, 21 டிகிரி இருந்தாலே நம்ம ஊர் மங்கி கேப் மாட்டிக்கொள்கிறது. ஆனால், அந்த 20 டிகிரி வீட்டு வாசலில் நிற்பவனுக்குத்தான். சும்மா நிற்கும்போது நம் உடம்பைச் சுற்றி மெல்லிய சூடான காற்று ஒரு போர்வை மாதிரி இருக்கும். பைக்கில் 60-ல் போகும்போது செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிற காற்று, அந்தப் போர்வையை உருவிக்கொண்டே இருக்கும். சட்டை ஈரமாக இருந்துவிட்டால், கேட்கவே வேண்டாம்.

இந்த விஞ்ஞானமெல்லாம் போன டிசம்பரில் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் லடாக் போய்வந்த சீனியர் ஒருத்தரின் கறுப்பு ஜாக்கெட். கர்துங் லா கணவாயைத் தாண்டிய ஜாக்கெட். 5,359 மீட்டர் உயரம்! கெஞ்சிக் கூத்தாடி ஓசி வாங்கினேன். கடல் மட்டத்தில் இருக்கிற காட்டுப்பள்ளிக்கு அதை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கூட என் வகுப்புத் தோழன். அவனுக்கு மேலே வெறும் டி-ஷர்ட். உள்ளே நெஞ்சில் விரித்துச் சொருகிய நேற்றைய பேப்பர். 'என்னடா இது அசிங்கமா?' என்றேன். 'எங்க அப்பா பால் போடப் போகும்போது இப்படித்தான் மச்சி போவாரு' என்றான்.

காசிமேட்டில் மீன் லாரிகளுக்கு நடுவே நெளிந்து, எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்தோம். வலது பக்கம் கடல், இடது பக்கம் வரிசையாக கன்டெய்னர் லாரிகள். திருவொற்றியூர் தாண்டும்போது ஒரு சல்யூட் வைத்தே ஆகவேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கை கோத்து, நம்ம ராணுவம் எல்லையில் ரோந்து போக புல்லட் கேட்டதற்காகத் தொடங்கிய கதை, இந்த ஊர் ஃபேக்டரியில்தான் வளர்ந்தது. பனிமலை ஏறுகிற வண்டி, வியர்வை ஊரில் பிறந்திருக்கிறது!

வியர்வை என்றதும் ஞாபகம் வருகிறது. கத்திவாக்கம் வருவதற்குள் அந்த லடாக் ஜாக்கெட்டுக்குள் நான் தொப்பலாக நனைந்திருந்தேன். சிக்னலில் நின்றால் புழுக்கம். ஜிப்பை இறக்கிவிட்டுக் கிளம்பினால், நனைந்த பனியனில் காற்று பட்டு நடுக்கம். பேப்பர் பார்ட்டி பின்னால் ஜாலியாக விசில் அடித்துக்கொண்டு வந்தான். பேப்பர் காற்றைத் தடுத்தது, அவ்வளவுதான். இந்த ஊர்க் குளிருக்குத் தேவை அதுதான். மெத்தை இல்லை... கதவு!

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் ஏறினால் வேறு உலகம். கழிமுகத்தின் மேல் பனி பஞ்சு மாதிரி படுத்திருக்கிறது. அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் சிலர், வாயில் கூடையைக் கடித்துக்கொண்டு, சேற்றில் கையாலேயே துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜாக்கெட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அத்திப்பட்டு புதுநகர், வட சென்னை அனல்மின் நிலையம், 2001-ல் திறந்து 2014-ல் பெயர் மாறிய காமராஜர் துறைமுகம் என்று வரிசையாக வரும். சாலையில் நிலக்கரித் தூளும் சாம்பலும். அங்கேதான் அது நடந்தது. எனக்கு வலது பக்கத்தில் போய்க்கொண்டிருந்த நாற்பதடி டிரெய்லர், திடீரென்று இடது பக்கம் ஒடிக்க ஆரம்பித்தது. நான் பிரேக் பிடித்தேன். பிடித்தேன் என்று நினைத்தேன். கம்பளி கிளவுஸ் லீவரில் வழுக்கியது. தோழன் கத்திய கத்தலில், மண்ணில் வண்டியை இறக்கி, விழுந்தேன். முட்டியில் சிராய்ப்போடு போச்சு. இல்லையென்றால் இந்தக் கட்டுரையை அவன்தான் எழுதியிருப்பான்.

டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், அவர் கைதான் அதிகமாக நடுங்கியது. 'தம்பி, கறுப்பு வண்டி, கறுப்பு சட்டை, கறுப்பு ரோடு. பனி வேற. உன்னை நான் எங்கேன்னு பார்க்கிறது? என் கண்ணாடியில என் மூஞ்சி உனக்குத் தெரியலைன்னா, உன் மூஞ்சி எனக்கும் தெரியாது. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ' என்றார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த டீக்கடையில் போட்ட லிஸ்ட்தான் இப்போது என் அலமாரி. முதல் காசு ஹெல்மெட்டுக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 4151 என்ற எண் இரண்டும் இருக்கணும். 2021 ஜூனிலிருந்து இந்த முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். ரோட்டோரத்தில் தொங்குகிறதே என்று ஏமாறாதீர்கள். கறுப்புக் கண்ணாடி வைசர் ஸ்டைல்தான். ஐந்து மணி இருட்டில் அது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். வெள்ளை வைசர் போதும். உள்ளே மூச்சுப்பனி படிந்தால் பாத்திரம் கழுவுகிற சோப்பை லேசாகத் தடவி, காயவிட்டு, துடைத்துவிடுங்கள். மங்கி கேப் மேல் ஹெல்மெட் மாட்டுகிற பழக்கம் வேண்டாம். ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, ஹாரனும் கேட்காது. மெல்லிய துணி முகமூடி வாங்கினால் குளிருக்கும் ஆச்சு, சாம்பல் தூசிக்கும் ஆச்சு.

அடுத்தது கிளவுஸ். உள்ளங்கையில் தோல் வைத்தது. கடையிலேயே மாட்டிக்கொண்டு வெளியே நிற்கிற உங்கள் வண்டியில் உட்கார்ந்து கிளட்ச், பிரேக், ஹாரன் மூன்றையும் அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கணுக்காலை மூடுகிற ஷூ. லேஸ் முனையை உள்ளே செருகிவிடுங்கள். பின்னால் உட்காருகிற தோழிகள் துப்பட்டாவை முடிந்து ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள், செயின் யாருக்கும் தயவு காட்டாது.

ஜாக்கெட்? லெதர் ஆசை இருந்தால், நம்ம உப்புக்காற்றில் அது பூஞ்சை பிடிப்பதைப் பார்க்கவும் தயாராக இருங்கள். வலை மாதிரி துணியில், தோளிலும் முட்டியிலும் சி.இ. முத்திரைப் பட்டைகளோடு, கழற்றி மாட்டுகிற உள் லைனர் வைத்து வருகிறதே, அதுதான் சென்னைக்கு லாயக்கு. விடியலில் லைனரோடு, எட்டரை மணிக்கு லைனர் பையில். விலை சில ஆயிரங்கள் என்பதால் எனக்கு அது இன்னும் கனவுதான். அதுவரை இருநூறு, முந்நூறு ரூபாய் ரெயின்கோட் மேல்சட்டையே காற்றுக்குப் போதும். அதற்கு மேலே, ஒரு பிரியாணி காசில், பளபள பட்டை வைத்த ஆரஞ்சு கோட். இது இல்லாமல் நான் அந்தப் பக்கம் போவதில்லை. போகி அன்றைக்கு அதுவும் இருந்தும் போகமாட்டேன். அந்தப் புகையில் விமானமே லேட்டான வருடங்கள் உண்டு.

பொங்கல் முடிந்த ஞாயிறு, மறுபடி கிளம்பினோம். கடல் நீரிலிருந்து தினம் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கக் கட்டிய ஆலையையும் தாண்டி, காட்டுப்பள்ளிக் கடற்கரையில் சூரியன் வந்தது. வடக்கே பழவேற்காட்டுக்குப் பூநாரைகள் வந்திருக்கிற சீசன். எங்கள் பெட்ரோல் அதற்குப் பத்தவில்லை. திரும்பும்போது அதே வளைவு. பின்னால் வந்த ஒரு டிரெய்லர் நூறு மீட்டருக்கு முன்பே லைட்டைச் சிமிட்டி, வேகத்தைக் குறைத்து, எங்களைப் போகவிட்டது.

அதே டீக்கடையில் நிறுத்தினோம். ஆரஞ்சு கோட்டை மேலும் கீழும் பார்த்த அக்கா, கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்:

'இன்னா கண்ணு, புது ரோடு போடுறீங்களா? எங்க தெருவுக்கு எப்போ வருவீங்க?'