முறுகல் ஓரம்

மதுரையில் என் சிறுவயதில் வீட்டுக்கு பிரெட் வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். அம்மா நான்கு பக்கமும் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியைச் சூடான பாலில் நனைத்து ஊட்டுவார். ஓரம் காக்கைக்குப் போகும். அது கழித்துப் போட வேண்டியது என்றே முப்பது வயது வரை நினைத்திருந்தேன்.

பாரிஸில் அந்த நினைப்பு ஒரே காலையில் கலைந்தது. தங்கியிருந்த தெருமுனை பேக்கரியில் ஏழு மணிக்கே வரிசை. முன்னால் நின்றவர்கள் வெறுமனே 'பாகெட்' என்று அந்த நீள ரொட்டியைக் கேட்கவில்லை. ஒருவருக்கு நன்றாகச் சிவந்தது வேண்டும், அடுத்தவருக்கு அவ்வளவு சிவக்காதது. நம் ஓட்டலில் 'ஒரு முறுகல்' என்று சொல்கிறோமே, அதே கறார். கடைக்கார அம்மா கூடையில் தேடி எடுத்துத் தந்தார். வாங்கியவர்கள் வாசலைத் தாண்டும்போதே முனையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். நானும் கிள்ளினேன். சருகு நொறுங்குவது போல ஒரு சத்தம். அடிப்பிடிக்காமல் வறுத்த ரவையின் வாசனை.

'ட்ராதிசியோன்' என்ற பெயரில் விற்கும் பாகெட்டுக்கு 1993இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு. ரசாயனச் சேர்க்கை கூடாது, மாவை உறையவைக்கக் கூடாது. அதனால் காலையில் வாங்கியது இரவுக்குள் விறகாகிவிடும். சாயங்காலம் மறுபடி கடைக்குப் போகிறார்கள். நாம் பொட்டலத்தில் வாங்கும் பிரெட்டின் ஓரம் ஏன் தோல் மாதிரி இருக்கிறது என்பதும் அங்கேதான் புரிந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் நடுப்பகுதியின் ஈரம் ஓரத்துக்கு ஏறி அதை நமுத்துப்போகச் செய்கிறது. தோசையை முறுகலாகக் கேட்கும் நமக்கு முறுகலான பிரெட் கைக்கு வந்ததே இல்லை.

ஹாம்பர்க்கில் நண்பர் வீட்டில் இரவுச் சாப்பாட்டின் பெயரே 'ஆபென்ட்ப்ரோட்', மாலை ரொட்டி. அடுப்பு பற்றவைப்பதில்லை. மரப்பலகையில் ரை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், ஊறுகாய். முதல் கடியில் புளிப்பு தூக்கலாக இருந்தது. மூன்றாம் நாள் அதைத்தான் நாக்கு தேடியது. ரை மாவு கோதுமை போல இழுபடாது. புளிக்காமல் சுட்டால் நடுவில் களியாகிவிடும். ஆகவே பழைய புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த தடவைக்குச் சேர்க்கிறார்கள். தடித்த ஓரம் ஈரத்தைக் காப்பதால் வெட்டிய முகத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்தாலே பல நாள் தாங்குகிறது. ரொட்டியின் இரண்டு நுனிகளுக்கும் நண்பரின் பிள்ளைகள் தினமும் சண்டை போட்டார்கள். அந்த நுனிக்கு அங்கே 'க்னுஸ்ட்' என்று பெயர். தெற்கே மியூனிக்கில் கேட்டால் 'ஷெர்ட்ஸெல்'. ஒரு நுனித்துண்டுக்கு ஊருக்கு ஊர் பெயர் வைக்கும் அளவு அதன் மேல் பிரியம்.

கெய்ரோவில் இருந்தது இரண்டே நாள். அங்கே ரொட்டிக்குச் சொல்லும் 'அய்ஷ்' என்ற சொல்லுக்கு வாழ்வு என்று பொருள். தவிடு ஒட்டிய அந்த உப்பிய ரொட்டியில் வெட்டி எறிய ஓரம் என்று தனியாக எதுவும் இல்லை.

கடைசியாக யாழ்ப்பாணம். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் அங்கே 'பாண்' என்று வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்தியில் பாட்டுப் போட்டபடி பாண் விற்கும் ஓர் ஆட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. நான் தங்கியிருந்த வீட்டு அம்மம்மா வெளியே போய், "தம்பி, அச்சுப்பாணோ, றோஸ் பாணோ?" என்று கேட்டார். றோஸ் என்றேன். தட்டையாக, இரு பக்கமும் சிவந்து, கைச்சூடு ஆறாமல் இருந்தது. சம்பலை அரைத்து எடுத்துவந்தவர் முதலில் இரண்டு நுனிகளையும் பிய்த்து என் தட்டில் வைத்தார். பேரப்பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை அவர்கள் பக்கம் தள்ளினேன்.