கல்லுக்கு ஓர்மை உண்டு

கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை மூலையில் ஒரு மண்சட்டி இருந்தது. விளிம்பு உடைந்ததால் மீன்கறி வைக்க உதவாது. பாட்டி அதை எண்ணுவதற்கு வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு குவியல் கூழாங்கல். வள்ளியாறு கடலில் சேரும் பொழியில் நானும் அவளும் பொறுக்கியவை.

விடியும் முன் கரைக்காற்று வீசும்போது மரங்கள் இறங்கும். கட்டுமரத்தை எங்கள் ஊரில் மரம் என்றுதான் சொல்வோம். மாமன்மார், சித்தப்பாமார், அண்டை வீட்டார் என்று எங்கள் பக்கத்து மரம் ஒன்று அலை தாண்டினால் சட்டிக்குள் ஒரு கல் விழும். மத்தியானம் கடல்காற்று எழுந்து பாய்கள் திரும்பும். ஒரு மரம் கரையேறினால் ஒரு கல் வெளியே வரும்.

“எத்தனை மரம் போச்சு பாட்டி?”

“எனக்கு ஓர்மை இல்ல மக்களே. கல்லுக்கு ஓர்மை உண்டு.”

பாட்டிக்கு எழுத்து தெரியாது. இருபதைத் தாண்டினால் எண்ணிக்கையும் தடுமாறும். ஆனால் அந்தியில் பேதுரு பவுல் கோயில் மணி அடித்த பிறகு சொல்லும் 53 மணி செபமாலையில் அவள் ஒருநாளும் பிசகியதில்லை. பாதியில் நாங்கள் தூங்கி விழுவோம். விழித்துப் பார்த்தால் அவள் விரல் சரியான மணியில் இருக்கும். இதுவரை எத்தனை அருள்நிறை மரியே சொன்னோம் என்று அவள் நினைவில் வைப்பதே இல்லை. எந்த மணியில் நிற்கிறோம் என்பது போதும். அடுத்தது என்னவென்று மாலையே சொல்லிவிடும்.

பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து அம்புக்குறிகளால் இணைத்தார். முடிவுறு தானியங்கி என்றார். எனக்கு அது செபமாலையாகத்தான் தெரிந்தது. வட்டம்தான் மணி, அம்பு விரலின் நகர்வு. அடுத்த வகுப்பில் அதன் இயலாமையைச் சொன்னார். சில ‘அ’க்களும் தொடர்ந்து சில ‘ஆ’க்களும் வந்தால் இரண்டும் சம எண்ணிக்கையா என்று அதனால் எப்போதும் சரிபார்க்க முடியாது. எத்தனை மணி கோத்தாலும் அதைவிட ஒரு மரம் கூடுதலாகக் கடலுக்குப் போகலாம் அல்லவா? அதற்கு வேண்டியது ஓர் அடுக்கு. வந்ததை மேலே போட்டு, ஈடு வரும்போது எடுக்க வேண்டும். கடைசியில் அடுக்கு காலியானால் அந்த எழுத்துத் தொடர் ஏற்கப்பட்டது. நோம் சோம்ஸ்கி 1956-இல் மொழிகளைத் தரம் பிரித்தபோது இந்த இரண்டையும் வெவ்வேறு படியில் வைத்தார். எங்கள் வீட்டில் ஒன்று பாட்டியின் கழுத்தில் கிடந்தது, மற்றது திண்ணையில்.

மூன்று கூட்டங்கள் சமமா என்று கேட்டால் அந்தச் சட்டியும் போதாது. போன மரம், வந்த மரம், அந்தியில் விளக்கேற்றிய வீடு என்று மூன்றையும் ஒப்பிட வேண்டுமானால், இரண்டாவதை எண்ணி முடிக்கும்போதே கல் தீர்ந்துவிடும். இப்படி ஒரே அடியில் சேர்ந்து வளரும் கூட்டங்களுக்கு இலக்கணம் எழுதியவர் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராணி சிரோமணி. 1969-இல் வந்த கட்டுரை அது. 1974-இல் கணவர் கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து வாசல் கோலத்துக்கும் இலக்கணம் கண்டார். அவற்றைப் படித்த பிறகுதான் இந்தத் துறையிலேயே தங்கினேன். நம் வாசலில் கிடப்பதும் கணக்குதான் என்ற தைரியத்தை அவை கொடுத்தன.

சட்டியைப் பற்றி நினைத்தால் ஒரு சித்திரை மாத அந்திதான் முதலில் வரும். செபமாலை முடிந்தும் ஒரு கல் உள்ளே கிடந்தது. மாமாவின் மரம். முட்டத்தில் ஒதுங்கியிருக்கும் என்றார்கள். பாட்டி பதில் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. நடுச்சாமத்தில் மாமா நனைந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கரைவழியே நடந்து வந்தார். அம்மா ஓடிப்போய்ச் சட்டியிலிருந்த கல்லை எடுக்கக் கைநீட்டினாள். பாட்டி தடுத்தாள்.

“மரம் எங்கே?”

“முட்டத்துல கெடக்கு.”

“அப்போ கல்லும் கெடக்கட்டு.”

மாமாவுக்குச் சோறு போட்டாள். மறுநாள் மத்தியானம் மரம் எங்கள் கரையில் ஏறிய பிறகுதான் சட்டி காலியானது.