ஹிர்பாவின் முன்யோசனை

ஒருவரைப் பச்சோந்தி என்று சொன்னால் தமிழில் அது வசை. நேரத்துக்கொரு நிறம் காட்டுபவர், நம்பத்தகாதவர் என்பது பொருள். அரபு மொழியிலும் அந்த வசை உண்டு. எனினும் அரபு மக்கள் அப்பிராணியை வேறொரு கண்கொண்டும் நோக்கினர். ‘ஹிர்பாவைவிட முன்யோசனை உடையவன்’ என்பது அவர்களது பழமொழி. ஹிர்பா என்பது பச்சோந்தி. அடுத்த கிளையை இறுகப் பற்றிய பின்னரே முந்திய கிளையிலிருந்து அது தன் பிடியை விடும். அதனாலேயே அதற்கு இப்பெருமை. மத்ரஸாவில் ஓதிய நாளில் மனத்தில் பதிந்த இப்பழமொழி, அண்மையில் என் குடும்பத்துக் காரியம் ஒன்றிலேயே பயன்பட்டது.

என் மகள் வயிற்றுப் பேரன் பெற்றோருடன் ரியாத் நகரில் வசிக்கிறான், பத்து வயது. தோழன் வீட்டில் பார்த்தது முதல் தனக்கும் ஒரு பச்சோந்தி வேண்டுமென்று பிடிவாதம். “நன்னா, இது பாலைவன ஊர்தானே? வெயிலைத் தாங்கும் பச்சோந்தி எதுவென்று உங்கள் கிதாபுகளில் பார்த்துச் சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் கேட்டான். மகளுக்கோ வேறு கவலை. “அத்தா, ஆசையாக வாங்கி, அது கண்முன்னே செத்துப் போனால் பிள்ளை தாங்கமாட்டான்” என்றாள். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆகவே பழைய கிதாபுகளோடு நில்லாமல், இக்காலத்து விலங்கியலார் எழுதியவற்றையும் தேடிப் படித்தேன்.

பச்சோந்திகளில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பாதியளவு மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. கடைகளில் கண்ணைப் பறிக்கும் சிறுத்தைப் பச்சோந்தி அத்தீவின் ஈரம் மிகுந்த கடலோரத்தது. மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைகளின் குளிரில் வாழ்வது. கடும் வெப்பம் அதற்கு ஆகாது. அப்படியானால் மெய்யான பாலைவனப் பச்சோந்தி இல்லையா எனில், இருக்கிறது. நமீபியாவின் மணற்பரப்பில் வாழும் நமக்குவா பச்சோந்தி, காலைக் குளிரில் கறுத்து வெயிலை உள்வாங்கும்; நண்பகலில் வெளிறி வெப்பத்தை விலக்கும். ஆனால் அந்த மணல்வெளியையும் அங்குள்ள வண்டினங்களையும் எந்த வீட்டுக் கூண்டுக்குள் கொண்டுவர முடியும்?

எஞ்சியது, தலைமேல் முக்காடு போன்று உயர்ந்த கொண்டையுடைய யமன் பச்சோந்தி. யமன் நாட்டிலும் சவூதியின் தென்மேற்கு மலைகளிலும் வாழ்வது. மனிதர் வளர்ப்பில் பிறந்து பெருகுவது. வறட்சியை ஓரளவு பொறுப்பது. கேள்விக்கு விடை இதுவே. ஆனால் ‘அரபு நாட்டுப் பிராணி; ஆகவே வெயில் பொறுக்கும்’ என்று முடிவு கட்டினால் அங்கேதான் தவறு நேரும். தஇஸ், இப்பு முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் பருவமழை பெறுபவை. அப்பிராணி வாழ்வது மணலில் அன்று. பள்ளத்தாக்கு மரங்களின் இலைநிழலில். இரவின் குளிர்ச்சியும் இலைமேல் திரளும் துளிகளும் அதன் உயிர்நாடி. நீருக்காக இலைகளையும் அது தின்னும். ரியாத்திலோ கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். காற்றின் ஈரம் 10 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடும். இரண்டும் வறண்ட நாடுதான். ஆயினும் மரநிழல் வேறு, மாடிக்கட்டடம் வேறு.

ஆகவே பேரனுக்கு இவ்வாறு எழுதினேன்: கண்ணாடிப் பெட்டி வேண்டாம், உயரமான கம்பிவலைக் கூண்டு வேண்டும். அதன் உச்சியில் விளக்கின் கீழ் 30 டிகிரி, அடியில் 25, இரவில் 20க்கு அண்மை. குளிர்சாதனக் காற்று நேரே படலாகாது. வெயிலுக்கு ஈடாகப் புற ஊதாக் கதிர் விளக்கு தேவை. இன்றேல் எலும்பு வளையும். கிண்ணத்து நீரை அது அறியாது. விடியலிலும் மாலையிலும் இலைகளில் நீர் தெளிக்க வேண்டும். கண்கள் உள்ளே குழிந்தால் தாகம் என்று அறிக. சிள்வண்டுகளுக்குச் சுண்ணாம்புச் சத்துத் தூள் தூவிக் கொடு. ஒரு கூண்டில் ஒன்றே இருக்கட்டும். துணை என்று நாம் எண்ணுவது அதற்குத் துன்பம். ஆணையே தேர்ந்தெடு, குஞ்சிலேயே பின்னங்காலில் சிறு குதிமுள் தெரியும். பெண், இணையின்றியும் முட்டையிடும். தோண்ட மணல் இல்லையெனில் முட்டை தங்கி மடிந்துபோகும். காட்டில் பிடித்தது வேண்டாம். வளர்ப்பில் பிறந்ததற்குச் சான்றும், அரசின் அனுமதியும் கேள்.

நம்மூர்ப் பெற்றோருக்கும் ஒரு சொல். தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் நம் சொந்தப் பச்சோந்தி வாழ்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். மரத்தில் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டி, அங்கேயே விட்டு வருவதே முறை.

கடிதத்தின் இறுதியில் இரண்டு கேள்விகளை வைத்தேன். “கையில் எடுத்துக் கொஞ்ச விரும்பாத, நீ நெருங்கினாலே கறுத்துச் சீறக்கூடிய பிராணியைப் பார்த்து மட்டும் மகிழ உன்னால் இயலுமா? ஆண்டுதோறும் இரண்டு மாத விடுமுறைக்கு இங்கு வருகிறீர்களே, அப்போது அதற்கு நீர் தெளிப்பவர் யார்?”

முதற் கேள்விக்கு உடனே ‘இயலும்’ என்றான். இரண்டாவதற்குப் பல நாள் பதில் இல்லை. பின்னர் மகள் சொன்னாள்: கூண்டு வாங்கிச் செம்பருத்தியும் வைத்தாகிவிட்டது, பிராணி மட்டும் விடுமுறை கழித்தே என்று அவனே முடிவு செய்துவிட்டானாம். அதுவரை செடியைக் காப்பாற்றிப் பழகப் போகிறானாம்.

மறுமுறை பேசும்போது பச்சோந்தியைப் பற்றி நான் கேட்கவில்லை. செடி எப்படி இருக்கிறது என்று மட்டுமே கேட்டேன். “மூன்று புதுத் தளிர், நன்னா” என்றான்.