ஏழு கம்பி வயலினின் ஊர்

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை ரசிகருக்கும் நாதம் போய்ச் சேர மைசூர் கண்ட வழி

தசரா நாட்களில் இருட்டியதும் மைசூர் அரண்மனை ஒரே நொடியில் பொன்னாக மாறுகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். முன்னால் அகன்ற மேடையில் கச்சேரி. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரு பக்கமும் நிற்க, மைதானத்தின் கடைசியில் கடலை வறுப்பவரின் காதுக்கும் வயலின் தெளிவாக எட்டுகிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று இன்று யாரும் கேட்கலாம். நூறு வருடங்களுக்கு முன் இதே ஊரில் இதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அதற்கு இந்த ஊர்க்காரர் ஒருவர் கண்ட விடை, வயலினின் தோற்றத்தையே மாற்றியது.

மைசூர் டி. சௌடையா என்றால் தமிழ்நாட்டின் பழைய ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரி மேடை. செம்பையின் கணீரென்ற குரல், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம், பக்கத்தில் சௌடையாவின் வயலின். கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, துவாரம் வெங்கடசாமி நாயுடு ஆகியோருடன் சேர்த்து அந்தத் தலைமுறையின் மூன்று பெரிய வயலின் வித்வான்களில் ஒருவராக எண்ணப்பட்டவர். ஆனால் மற்ற இருவரிடமும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: ஏழு கம்பிகள்.

சௌடையா 1895ல் பிறந்தது மைசூருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள திருமகூடலு நரசிபுரத்தில். காவிரியும் கபினியும் கலக்கும் இடம். கண்ணுக்குத் தெரியாத ஸ்படிக சரோவரமும் இங்கே சேருவதாக ஐதீகம், ஆகவே முக்கூடல். தன் கிருதிகளுக்கு அவர் வைத்துக்கொண்ட ‘திரிமகுட’ என்ற முத்திரை இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. 1910 வாக்கில் மைசூருக்கு வந்து பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சேர்ந்தார். கிருஷ்ணப்பா அரண்மனைப் பாடகர். சீடர் வயலின்காரர். குருகுலவாசம் பல வருடங்கள் நீண்டது. குரு பாடப் பாட, அதை அப்படியே வில்லில் பிடிப்பதுதான் பயிற்சி.

அந்த மைசூர் சாதாரண ஊர் அல்ல. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். வயலினும் அவற்றில் ஒன்று. அவர் சபையில் வீணை சேஷண்ணா இருந்தார், வாசுதேவாசார் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் வந்து சாமுண்டீஸ்வரி மீது 108 கிருதிகள் இயற்றினார். அதே அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழுவும் இருந்தது. ஒரு பக்கம் வீணையின் கமகம், இன்னொரு பக்கம் ஐரோப்பிய வயலின்களின் கூட்டொலி. வயலினை அந்நியமாகவும் நினைக்காமல், தொடக்கூடாத புனிதப் பொருளாகவும் நினைக்காமல் பார்க்க இதைவிட நல்ல ஊர் இருந்திருக்க முடியாது.

பாரிஸ் சொன்ன விடை

வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்தது சுமார் 200 ஆண்டுகளுக்கு முன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் வரை கொண்டுபோனார். நம்மவர்கள் வயலினின் வடிவத்தைத் தொடவில்லை; பிடிக்கும் முறையையும் சுருதியையும்தான் மாற்றினார்கள். தரையில் அமர்ந்து, மார்புக்கும் பாதத்துக்கும் நடுவே நிறுத்தி, ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தார்கள். பாடகரின் சுருதிக்கு இறங்க வேண்டியிருந்ததால் கம்பிகளைத் தளர்த்தினார்கள். இழுவை குறைந்தால் ஒலியும் குறையும். நாதம் இதமாக இருந்தது. ஆனால் தூரம் போகவில்லை.

தூரம் போகவில்லை என்ற குறை மைசூருக்கு மட்டும் உரியதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் இதே தலைவலி. பிரபுக்களின் அறைகளுக்காகச் செய்த வயலின்கள் பெரிய அரங்குகளில் எடுபடவில்லை. அங்கே கைவினைஞர்கள் ஸ்ட்ராடிவாரியின் வயலின்களையே பிரித்துப் போட்டார்கள். கழுத்தை நீளமாக்கிப் பின்பக்கம் சாய்த்தார்கள். குதிரையை உயர்த்தினார்கள். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் மரப்பட்டையைக் கனமாக்கினார்கள். பாரிஸில் பிரான்சுவா தூர்த் என்பவர் வில்லுக்கே புது வளைவு கொடுத்தார். இன்று மயிலாப்பூரில் வாசிக்கும் வித்வானின் கையில் இருப்பதும் அடிப்படையில் அந்த வில்தான்.

பிரெஞ்சு வயலின்களுக்கு உலக மேடைகளில் மதிப்பு வந்தது இந்த வழியில்தான். பிரான்ஸின் கிழக்கே மிரெகூர் என்ற சிறு ஊர் தலைமுறை தலைமுறையாக வயலின் செய்தே பிழைத்தது. 1798ல் அங்கே பிறந்த வில்லோம் பாரிஸில் பட்டறை வைத்துப் புகழ்பெற்றார். 20ஆம் நூற்றாண்டில் மலிவான தொழிற்சாலை வயலின்களும் அங்கிருந்து உலகெங்கும் போயின. கச்சேரிக்காரர்கள் தேடி வாங்கும் உயர்ந்த கைவேலையும் தொடர்ந்தது. தொழில் நசிந்தபோது 1970ல் அங்கே வயலின் செய்யக் கற்றுத்தரப் பள்ளி திறந்தார்கள். ஒரு ஊர் தன் வாத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்ட விதம் அது.

மைசூர் சொன்ன விடை

மைசூரின் விடை வேறு. 1920களின் பிற்பகுதியில் சௌடையா வயலினின் மரத்தை விட்டுவிட்டுக் கம்பிகளைப் பெருக்கினார். நான்கு கம்பிகளில் மூன்றுக்கு ஆளுக்கொரு ஜோடி. ஜோடிக் கம்பி ஒரு ஸ்தாயி தள்ளிச் சுருதி சேர்க்கப்பட்டது. வில் இரண்டையும் ஒன்றாகத் தொட, ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயிகளில் எழும். ஒரு குரலும் அதன் துணைக் குரலும் சேர்ந்து பாடுவது போல. மைக் இல்லாத கொட்டகையில் அந்த நாதம் கடைசி வரிசைவரை போனது.

சொல்வது சுலபம், வாசிப்பது அப்படியல்ல. சாதாரண ஐரோப்பிய சுருதியில் நான்கு கம்பிகளே வயலினை 20 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மேல்பலகையின் கனமோ சில மில்லிமீட்டர்தான். நமது தளர்ந்த சுருதி கொடுத்த சலுகையில்தான் கூடுதல் மூன்று கம்பிகளுக்கு இடம் கிடைத்தது. பிரடைகள் கூட வேண்டும். குதிரையின் வளைவை மாற்ற வேண்டும். விரல் ஒரே அழுத்தத்தில் இரண்டு கம்பிகளைப் பிடிக்க வேண்டும். ஜோடியில் ஒன்று மயிரிழை பிசகினாலும் நாதம் பிளக்கும். கமகத்தில் விரல் வழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே வழுக்க வேண்டும். அசுர சாதகம் இல்லாதவர் கைக்கு இது அடங்காது. சௌடையாவின் கைக்கு அடங்கியது. பின்னர் 19 கம்பிகள் கொண்ட ஒன்றையும் அவர் செய்து பார்த்தார்.

எல்லோரும் கை தட்டிவிடவில்லை. பக்கவாத்தியம் பாடகரை மூடுகிறது என்றும், வயலினின் மென்மை போய்விட்டது என்றும் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் மேடைகள் அவரைத் தேடிக்கொண்டே இருந்தன. 1957ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. கச்சேரியோடு அவர் நிற்கவும் இல்லை. மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். 1943ல் ‘வாணி’ என்ற கன்னடப் படத்தைத் தயாரித்தார். கண்டதேவி அழகிரிசாமி போன்ற தமிழ்நாட்டு வயலின்காரர்களும் அவரிடம் பயின்றவர்கள். 1967ல் அவர் மறைந்தார்.

அதற்குள் மைக் வந்து வேரூன்றிவிட்டது. மைசூரிலேயே 1935ல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தனியார் வானொலி நிலையம் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் பிறந்தது அங்கேதான். ஒலிபெருக்கி இருக்கும்போது ஜோடிக் கம்பி எதற்கு? ஏழு கம்பி வயலின் எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததோ அந்தக் குறையே மறைந்தது. இன்று கச்சேரி மேடைகளில் பார்ப்பது பெரும்பாலும் பழைய நான்கு கம்பி வயலின்தான். சௌடையாவின் நாதம் பழைய ஒலிப்பதிவுகளில் மட்டும்.

தேடிப் போகிறவருக்கு

சௌடையாவைத் தேடி வருகிறவர் பொதுவாக முதலில் பார்ப்பது மைசூரை அல்ல, பெங்களூரை. அங்கே மல்லேஸ்வரம் பகுதியில் 1980ல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு அரங்கம் முழுக்க முழுக்க வயலின் வடிவக் கட்டடம். கம்பி, பிரடை, வில் எல்லாம் கான்கிரீட்டில் உண்டு. ஆட்டோக்காரருக்கு வழி சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வாத்தியத்தின் காரணம் புரிய வேண்டுமானால் இன்னும் 140 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

மைசூரில் முதலில் போக வேண்டிய இடம் பிடாரம் கிருஷ்ணப்பா கட்டிய பிரசன்ன சீதாராம மந்திரம். ஒரு பாடகர் தன் சம்பாத்தியத்தில் எழுப்பிய கோயில் என்பதே அபூர்வம். ராமநவமி சமயத்தில் இங்கே கச்சேரிகள் நடக்கின்றன. அடுத்தது 1861ல் கட்டிய ஜகன்மோகன் அரண்மனை. ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள் அங்குள்ள பழைய வாத்தியங்களைத் தாண்டிப் போய்விடக்கூடாது. பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தால் வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸில் தெருவையே சபாவாக்கி நடக்கும் சங்கீத விழாவைக் கேட்கலாம். குவெம்பு நகரில் கானபாரதியின் அரங்கத்துக்கு வீணை சேஷண்ணாவின் பெயர்.

அங்கிருந்து திருமகூடலு நரசிபுரத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். நெல்லும் கரும்பும் நிறைந்த வழி. சங்கமக் கரையில் அகஸ்தீஸ்வரர் கோயில், எதிர்க்கரையில் குஞ்சா நரசிம்மர். 1989 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கும்பமேளாவும் உண்டு. இரண்டு ஆறுகள் நிறம் பிரிந்து வந்து ஒன்றாகக் கலப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இரண்டு கம்பிகளில் ஒரே ஸ்வரத்தை எழுப்பியவர் இந்த ஊர்க்காரர் என்பது பொருத்தமாகவே படுகிறது. நேரமிருந்தால் பக்கத்திலேயே சோமநாதபுரம், சற்றுத் தள்ளித் தலக்காடு.

மைசூர் வயலினை மறந்துவிட்டதா? இல்லை. கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் ஐரோப்பிய இசைக்கு லண்டனில் பணம் கொடுத்து ஆதரித்தார். கூடவே கர்நாடக சங்கீதத்தில் 94 கிருதிகள் இயற்றினார். எஸ். மகாதேவப்பாவிடம் பயின்ற அவரது மகன்கள் நாகராஜும் மஞ்சுநாத்தும் ‘மைசூர் சகோதரர்கள்’ என்று உலக மேடைகளில் ஊர்ப் பெயரோடு வாசிக்கிறார்கள். எச்.கே. நரசிம்மமூர்த்தி போன்ற ஆசிரியர்களிடம் மாணவர்கள் வளர்ந்தார்கள். 2009ல் கங்குபாய் ஹங்கல் பெயரில் இசைப் பல்கலைக்கழகமும் இங்கே வந்தது.

வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கற்றுத்தர இடம் இருக்கிறது. கேட்க மக்கள் இருக்கிறார்கள். இல்லாதது அந்த ஏழு கம்பி மட்டும். மிரெகூர் தன் கைவேலைக்குப் பள்ளி கட்டியது. பெங்களூர் வயலினுக்கு கான்கிரீட்டில் சிலை வடித்தது. மைசூரில் எங்காவது ஒரு வகுப்பறையில், மைக்கை அணைத்துவிட்டு, ஒரு மாணவன் ஜோடிக் கம்பிகளில் வில்லை ஓட்டிப் பார்த்தால் போதும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார், சௌடையா செய்தது சரியா என்று.