உழைச்செல்வான்

'மருத்துவமனை' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எழுதுகிறோம், பேசுகிறோம். அச்சொல்லுக்குள் 'மனை' என்றொரு பகுதி இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மனை என்பது வீடு. அச்சமின்றி உள்ளே நுழையவும், நோய்வாய்ப்பட்டால் முகஞ்சுளிக்காத ஒருவரிடம் குறையைச் சொல்லவும் உரிமையுள்ள இடம். காடாம்புலியூரைச் சூழ்ந்த முந்திரித் தோப்புகளின் ஓரங்களில் வாழும் இருளர் குடும்பங்களுக்கு அச்சொல்லின் பிற்பகுதி இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. அவர்கள் 'ஆசுபத்திரி' என்றே சொல்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சொல்லே மெய்ந்நிலைக்கு நெருக்கமானது என்று யாம் கருதுகிறோம்.

தமிழ் வகுப்பில் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வருகிறோம். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், அதாவது 950ஆம் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தை முறையாகக் கொடுப்பவன் என்பன அவை. பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நந்நான்காக விரித்துரைப்பார். முதல் மூன்றையும் பற்றி மாணாக்கர் ஆர்வத்துடன் வினவுவர். நான்காமவனாகிய 'உழைச்செல்வான்' பற்றி மட்டும் எவரும் வினவுவதில்லை. தேர்வுக்குரிய சொற்பொருளாக எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவர். மருத்துவத்தை ஒருவரின் வித்தையாகக் கருதாமல் நால்வகை உறுப்புகளின் கூட்டுச் செயலாக அக்குறள் கண்டது என்பதே அதன் சிறப்பு. அந்த நான்காமவன் இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் இருந்தும் என்ன நேர்கிறது என்பதை யாம் நூலில் கற்கவில்லை, தோப்பில் கண்டோம்.

காடாம்புலியூர் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட ஊர். பலாவும் முந்திரியும் அதன் செல்வம். 1956இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனமும் அதன் அனல்மின் நிலையங்களும் இவ்வட்டாரத்தை நாடறியச் செய்தன. ஆனால் அதே வட்டாரத்தில் தோப்புக் காவல் காத்தும், வயலில் எலி பிடித்தும், குளங்களில் மீன் பிடித்தும், ஆண்டில் பாதி நாள் தொலைதூரச் செங்கற்சூளைகளில் உழைத்தும் வாழ்கின்ற இருளரை நாடறியாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் மலையாளி என்னும் மலைவாழ் குடியினரை அடுத்து எண்ணிக்கையில் மிகுந்தவர் இருளரே. ஏறத்தாழ 1,90,000 பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இருளரையும் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக அரசு வகைப்படுத்தியுள்ளது. பழங்குடி என்றதும் நம் மாணவர் மனத்தில் மலையும் அருவியும் தோன்றுகின்றன. பேருந்து நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தொலைவில், சமவெளியிலேயே அவர்கள் வாழ்வது பலருக்கு வியப்பாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது மாணவர்களுடன் அத்தகைய குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பத்துப் பன்னிரண்டு குடிசைகள். ஒரு குடிசையின் நிழலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருமியவாறு படுத்திருந்தார். காசநோய். ஆறு திங்கள் உண்ண வேண்டிய மாத்திரைகளை இரண்டு திங்களிலேயே நிறுத்திவிட்டார். ஏன் என்று வினவினோம். அவர் விடை சொல்லவில்லை, மனைவியே சொன்னார். மாத்திரை வாங்கச் சென்ற மருத்துவமனை ஒன்றில் வரிசையில் நின்றவர்கள் அவரை விலகி நிற்கச் சொன்னார்களாம். எந்தத் தெரு என்று எழுதுபவர் கேட்க, இவர் 'தோப்பு' என்று சொல்ல, அருகிலிருந்தோர் சிரித்தார்களாம். "மாத்திரை நல்ல மாத்திரைதாங்க ஐயா, அங்க போயி நிக்கிறதுதான் முடியல" என்றார் அப்பெண்மணி.

மாணவருள் ஒருவர் அவரது அறியாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யாம் தடுத்தோம். அங்கே அறியாமை இல்லை. மருந்தின் பயனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அதைப் பெறுவதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையையும் அறிந்திருந்தனர். பாதியில் நிறுத்திய காசநோய் மருந்து, நோயை மருந்துக்கு அடங்காததாக மாற்றவல்லது. அது குடும்பம் முழுவதையும் தொற்றவல்லது. ஒரு சிரிப்பு இத்தனை தொலைவு செல்லும்.

இதனை உணர்வதற்கு எமக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எம் நன்னியார் மார்பில் தோன்றிய கட்டியை இரண்டாண்டுக் காலம் எவரிடமும் சொல்லாமல் மறைத்தார். காட்ட வேண்டிய இடத்தில் ஆண் மருத்துவர் மட்டுமே இருந்தார். திரைபோட்ட அறைகூட இல்லை. பின்னர் வீட்டார் அறிந்து நகரத்துக்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்திருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் செவிலியும் ஒரு திரையும். நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று பேசப்படாமல் கிடக்கும் என்பதைச் சமுதாயப் பெரியோர் அறிவர். பணமும் வாகனமும் இருந்த வீட்டிலேயே அவ்வாறென்றால், இரண்டும் இல்லாதவரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்த நிலைக்கு ஒரு பெயரிட்டவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். 1980களின் இறுதியில் அங்கே செவிலியர் கல்வி பற்றிய கூட்டமொன்றில், சட்டப் பாதுகாப்பு பற்றியும் மருத்துவப் பாதுகாப்பு பற்றியும் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டின் பாதுகாப்பு எங்கே என்று மாவோரி மாணவி ஒருவர் வினவினார். அவ்வினாவை ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்னும் மாவோரி செவிலியர். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 'பண்பாட்டுப் பாதுகாப்பை'ச் செவிலியர் கல்வியின் பகுதியாக்கியது. அதன் உட்கிடை எளியது, ஆனால் கூர்மையானது: மருத்துவம் பாதுகாப்பானதாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைக் கொடுத்தவர் அல்லர், பெற்றவரே. அதற்கும் முன்பே, 1971இல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ரெட்ஃபெர்ன் பகுதியில் அந்நாட்டுத் தொல்குடியினர் தமக்கெனத் தாமே நடத்தும் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியிருந்தனர். 1978இல் அல்மா-ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரப் பணியில் மக்களே பங்கேற்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. அறிக்கைகள் வெளியிடுவதில் உலகம் என்றும் பின்தங்கியதில்லை.

கடல் கடந்து செல்ல வேண்டுவதுமில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1980களின் இடைப்பகுதியில் ஸ்டான் தெக்கேகராவும் மாரி தெக்கேகராவும் பழங்குடியினரின் நிலவுரிமைக்காகப் பணி தொடங்கினர். அதனை ஒட்டி ரூபா, தேவதாசன் என்னும் மருத்துவத் தம்பதியர் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தனர். ஷைலா தேவி, நந்தகுமார் மேனன் என்னும் மருத்துவர்கள் வந்து சேர, 1990இல் 'அஸ்வினி' அமைப்பும் பழங்குடியினர் மருத்துவமனையும் உருவாயின. அங்கே வியப்புக்குரியது கட்டடம் அன்று. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய குடிகளின் இளம்பெண்களே செவிலியராகப் பயிற்றுவிக்கப்பட்டனர். காய்ச்சலோடு வரும் பணியர் குல மூதாட்டியிடம் பணியர் மொழியில் பேச ஒருவர் இருந்தார். ஊரில் இருக்கும் பணியாளர் கருவுற்றவரை முன்னரே அறிந்து சொல்வார். செவிலி அவரைத் தேடிச் செல்வார். தேவைப்பட்டபோது மருத்துவரிடம் கொணர்வார். 1992இல் அம்மக்களுக்கெனக் காப்பீட்டுத் திட்டமும் ஏற்பட்டது. அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1952இல், இதே நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். நாடு அதற்கெனத் தேசிய இயக்கம் தொடங்கியது 2023இல். இடைப்பட்ட எழுபதாண்டுகளின் கணக்கை மாணவர் போட்டுப் பார்க்கலாம். கூடலூர் மருத்துவமனையோ தேசிய இயக்கம் வரும்வரை காத்திராமல் அந்நோயாளிகளை இனங்கண்டு பேணத் தொடங்கிவிட்டது.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கியின் கதையும் அத்தகையதே. காந்திகிராமத்தில் பணிபுரிந்த ரெஜி, லலிதா என்னும் மருத்துவ இணையர் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். அப்போது அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஊரார் தேர்ந்தெடுத்த, மணமான, நடுவயதுப் பெண்கள் சுகாதாரத் துணைவியராயினர்; உள்ளூர்ப் பெண்கள் செவிலியராயினர். பின்னாளில் அவ்விறப்பு எண்ணிக்கை இருபதையொட்டிக் குறைந்தது. உழவர் சங்கமும், லம்பாடிப் பெண்களின் 'போர்கை' என்னும் தையற்கலை அமைப்பும் அம்மருத்துவப் பணியிலிருந்தே கிளைத்தன. உணவும் வருவாயும் சீர்ப்படாமல் மாத்திரை மட்டும் என் செய்யும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். 'போர்கை' என்பதற்கு லம்பாடி மொழியில் 'பெருமிதம்' என்று பொருள்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. பழங்குடியினரின் பச்சிலை அறிவைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதைப் போலவே, எல்லாம் தெய்வ மருத்துவம் என்று கைகூப்புவதும் அவர்களைக் கேளாமல் இருப்பதற்கான வழியேயாகும். உண்மையில் அவர்கள் அறிவு நமக்கு எவ்வாறு பயன்படுகிறது? 1978இல் வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, முறிமருந்து ஆக்குவோர்க்கு அளித்து வருகிறது. 2023இல் அச்சங்கத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முந்திரித் தோப்பில் சருகு பெருக்கும்போது விரியன் தீண்டிய நம் வீட்டார் எவராயினும், அவர் உடலில் ஏறுகின்ற மருந்தின் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கக்கூடும். அதே மருத்துவமனையின் வரிசையில்தான் மற்றோர் இருளர் விலகி நிற்கச் சொல்லப்படுகிறார்.

தோப்பில் படுத்திருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்பர். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் செய்தியறிந்து வந்தார். நண்பகலில் வந்தால் குடியிருப்பில் எவரும் இரார் என்பதால் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தார். முதல் இரண்டு முறை மாத்திரை பற்றி வாயே திறக்கவில்லை. குடிசை வாயிலில் அமர்ந்து கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை, அக்குடியிருப்பில் பிள்ளைப்பேறு பார்க்கும் மூதாட்டியிடம் மாத்திரை அட்டையை ஒப்படைத்து, நாள்தோறும் கண்ணெதிரே விழுங்கச் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். சூளைக்குப் புறப்படும் பருவம் வந்தபோது, சூளை இருந்த ஊரின் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்தார். மருந்து புதிதன்று, முன்பு இருந்ததே. மருத்துவரும் அவரே. இடையில் ஒரு செவிலியும் ஒரு மூதாட்டியும் நின்றனர். அவர் சிகிச்சையை முடித்தார். இப்போது சூளைக்குப் போய் வருகிறார்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இல்லந்தோறும் தன்னார்வலரையும் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் அனுப்புகிறது. நல்ல திட்டம். அப்பெயரிலுள்ள 'தேடி' என்னும் சொல் கதவு எண் இல்லாத குடிசையையும் தேட வேண்டும். தன்னார்வலருள் இருளர் பெண்களும் இடம்பெற வேண்டும். அதற்கு அவர்கள் பத்தாம் வகுப்பையேனும் எட்ட வேண்டும். சாதிச் சான்று கைக்கு வர வேண்டும். திண்டிவனத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகச் சான்றிதழுக்காகவும் கல்விக்காகவும் நெடுங்காலம் உழைத்து வருவதை ஈண்டு நினைவுகூர வேண்டும். அவர் கற்பித்த பாடம் இயற்பியல்.

தமிழ்த்துறை செய்யத்தக்கது என்ன? அச்செவிலியரே ஒருநாள் எம்மிடம் வழி காட்டினார். குழந்தைக்குக் 'கணை' என்றும், 'மாந்தம்' என்றும், 'சீர்' என்றும், 'அக்கி' என்றும் தாய்மார் வேறு வேறாகச் சொல்வதைப் பதிவேட்டில் 'காய்ச்சல்', 'சளி', 'புண்' என்று மட்டுமே எழுத முடிகிறது. புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்கு அச்சொற்கள் விளங்குவதில்லை என்றார். முதுகலை மாணவியர் நால்வர் ஒரு குறிப்பேட்டுடன் தோப்புக்குச் சென்று, நோயையும் உடலையும் குறிக்கும் சொற்களைக் கேட்டு எழுதினர். அறுபதுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. படியெடுத்துச் செவிலியரிடம் கொடுப்பதற்கு முன் அம்மூதாட்டியிடம் படித்துக் காட்டினோம். 'மாந்தம்' என்று வந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். மாந்தம் ஒன்றில்லை, பல உண்டு, அடையாளம் வேறு வேறு என்றார். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மாணவியர் குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினர்.