இஸ்கந்தரிய்யாவில் ஒரு மாலைப்பொழுது



பயணக் கட்டுரை எழுதுபவர் கப்பலிலோ விமானத்திலோ ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது மரபு. அந்த மரபை மீறியே இதனை எழுத அமர்ந்திருக்கிறேன். நான் கண்டுவந்த ஊர் இஸ்கந்தரிய்யா. எகிப்தின் வடகரையில் மத்தியதரைக் கடலை நோக்கி நிற்கும் அலெக்சாந்திரியாவை அரபு நூல்கள் அவ்வாறுதான் அழைக்கின்றன. ஆனால் நான் கண்டது இன்றைய நகரமன்று. கிளியோபாட்ரா வாழ்ந்த காலத்து நகரம். சென்னையில் என் ராத்தா வீட்டு மாடியறையில், ஒரு கணினித் திரைக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடியே அந்நகரைச் சுற்றி வந்தேன். இப்போது சிரிக்காதீர்கள். முழுவதையும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ராத்தாவின் மகனுக்கு வயது பதினான்கு. ஓராண்டுக்கு முன்னர் அங்கே சென்றிருந்தபோது, அவன் கணினியில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் பெயரைக் கேட்டு அதிர்ந்துபோனேன். 'அசாஸின்ஸ் கிரீட்' என்றான். அரபு கற்பிப்பவனுக்கு அந்தச் சொல்லின் பிறப்பிடம் தெரியாமல் போகுமா? 'ஹஷ்ஷாஷீன்' என்ற அரபுச் சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்து 'அசாஸின்' ஆகி, மறைந்திருந்து கொல்பவன் என்ற பொருளைப் பெற்றது. திரையிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. "இந்தப் பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடு ராத்தா" என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன். அதன்பின் அவன் என் ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொல்வதோடு பேச்சை முடித்துக்கொண்டான்.

இந்த ஆண்டு மதரஸா விடுமுறையில் மீண்டும் சென்றேன். "நீயாவது அவன்கிட்டே பேசு தம்பி. மாடியே கதின்னு கிடக்கிறான்" என்றார் ராத்தா. ஏதோ பேசலாம் என்று படியேறினேன். என்னைக் கண்டதும் கணினியை அணைத்துவிடுவான் என எதிர்பார்த்தேன். அவனோ நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உட்காருங்க மாமா, இதுல கத்தி கிடையாது" என்றான்.

நேயர்களே, உண்மைதான். கனடாவின் மாண்ட்ரியால் நகரிலுள்ள யூபிசாஃப்ட் நிறுவனப் பணிமனையில் உருவான 'ஒரிஜின்ஸ்' என்னும் விளையாட்டு 2017ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. கிளியோபாட்ரா காலத்து எகிப்தை, நைல் ஆறும் பாலைவனமும் பேரீச்சந்தோப்பும் நகரங்களுமாக, வரலாற்றறிஞர்களின் துணையோடு எழுப்பியிருந்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து, 2018 பிப்ரவரியில், அதே நாட்டுக்குள் நுழைய வேறொரு வாசலைத் திறந்தார்கள். 'டிஸ்கவரி டூர்' என்பது அதன் பெயர். அவ்வாசல் வழியே நுழைந்தால் சண்டையில்லை, பகைவரில்லை, வெல்வதும் தோற்பதுமில்லை. முதலைகூட நம்மைத் தீண்டாது. விருப்பம்போல் நடக்கலாம், ஒட்டகமேறலாம், படகு செலுத்தலாம். வழிகாட்டி வேண்டுமென்றால் எழுபத்தைந்து சிறு சுற்றுலாக்கள் இருக்கின்றன. தரையில் ஒளிரும் பொற்கோட்டைத் தொடர்ந்து சென்றால், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு குரல் விளக்கம் சொல்கிறது. ரொட்டி சுட்ட முறை, பிணத்தைப் பதப்படுத்திய முறை, பிரமிடு எழுந்த விதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

"எங்கே போகலாம் மாமா?" என்றான். ஓராண்டுக்குப் பின் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"கலங்கரை விளக்கத்துக்கு" என்றேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் வரலாறு படித்து முடித்த கையோடு கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்குச் சென்று ஓதவேண்டும் என்பது என் இளமைக் கனவு. பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டேன். அந்த ஆண்டு வாப்பா நோயில் வீழ்ந்தார். தங்கைமார் இருவருக்குத் திருமணம் ஆகவேண்டியிருந்தது. மேற்கொண்டு விவரிக்கத் தேவையில்லை; இந்தக் கதை உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கும். அந்நாள்களில் மனத்தை ஆற்றிக்கொள்ள நான் மீண்டும் மீண்டும் புரட்டியது இப்னு பதூதாவின் பயண நூலை. ஹிஜ்ரி 726இல், அதாவது கி.பி. 1326இல், இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் இஸ்கந்தரிய்யாவை அடைந்தார். அப்போது அங்கே சென்று பார்த்தவற்றுள் ஒன்று அந்தக் கலங்கரை விளக்கம்.

உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட அது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஃபாரோஸ் என்னும் சிறு தீவில் எழுந்தது. உயரம் நூறு மீட்டருக்கும் மேல். அடித்தளம் சதுரம், நடுப்பகுதி எண்கோணம், உச்சி வட்டம். இந்த விவரமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயினும் தீவையும் நகரையும் இணைக்கும் நீண்ட கல்லணையின் மேல் என் மருமகன் நடந்து சென்றபோது, இருபுறமும் துறைமுகம் விரிய, எதிரே வெண்ணிறத்தில் அது நிமிர்ந்து நின்றதே, அந்தக் காட்சியை எந்த நூலும் எனக்குத் தந்ததில்லை. வாசித்து அறிந்த உயரம் வேறு. கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரம் வேறு. திரையைப் பார்க்கையில் நானும் கழுத்தை உயர்த்தினேனாம். பையன் சொல்லிச் சிரித்தான்.

இப்னு பதூதா காண்கையில் அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. வாயில் தரைக்கு வெகு மேலே இருந்ததாம். எதிரே அதே உயரத்தில் ஒரு கட்டடம். இரண்டுக்கும் இடையே பலகைகளைப் பாலமாக இட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். பலகைகளை எடுத்துவிட்டால் வழியே இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, நம் மதுரைச் சுல்தானின் அரசவை, மாலத்தீவு, சீனம் எல்லாம் கண்டு அவர் திரும்பி வருகிறார். அப்போது அந்த வாயிலுக்கு ஏறவும் முடியாதபடி அது சிதைந்து கிடந்தது. நிலநடுக்கங்கள் செய்த வேலை அது. 1477இல் சுல்தான் காயித்பாய் அதே இடத்தில் கோட்டை எழுப்பியபோது இடிபாட்டுக் கற்களும் அதற்குப் பயன்பட்டன. அந்தக் கோட்டையை இன்றும் காணலாம். கடலடியில் கிடந்த பெருங்கற்களை 1994 முதல் மூழ்கி ஆராய்ந்திருக்கிறார்கள். இவற்றை நான் சொல்லச் சொல்ல, பையன் விளக்கத்தின் அடிவாரத்தை ஒருமுறை சுற்றிவந்தான். "பலகை போட்ட வாசல் எந்தப் பக்கம் மாமா?" என்றான். அதை நான் அறியேன் என்றேன். விடாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

அங்கிருந்து நகருக்குள் சென்றோம். ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர் பாடம் சொல்ல, சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக அமர்ந்திருந்தனர். "அக்காலத்தில் இப்படி இருந்திருக்காதே" என்று நான் முணுமுணுத்து வாய் மூடுமுன், விளக்கக் குறிப்பே அதை ஒப்புக்கொண்டது. வரலாற்றுக்கு இது பொருந்தாது என அறிந்தேதான் இவ்வாறு அமைத்தோம், எந்தக் குழந்தையும் தன்னை வெளியே நிறுத்தியதாக எண்ணக்கூடாது என்பதற்காக என்ற கருத்தில் எழுதியிருந்தார்கள். மாற்றியதைவிட, மாற்றினோம் என்று சொன்னது எனக்குப் பிடித்தது. பாடநூல் எழுதுவோருக்கெல்லாம் இந்தப் பண்பு வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சிலைகளின் மறைவிடங்களைச் சிப்பிகளால் மூடியிருந்த மரியாதையையும் இங்கே குறிப்பிடவேண்டும். ராத்தா அப்போதுதான் தேநீர்த் தட்டோடு மேலே வந்திருந்தார்.

பிறகு பிரமிடுகள். பெரிய பிரமிடு முதலில் 146 மீட்டர் உயரமிருந்தது. இன்று எட்டு மீட்டர் குறைந்து நிற்கிறது. வழவழப்பான வெண்சுண்ணக்கல் போர்த்திய பழைய தோற்றத்தையே அங்கே காட்டியிருக்கிறார்கள். அந்தப் போர்வைக் கற்களில் பெரும்பகுதி பின்னாளில் கெய்ரோ நகரின் கட்டடங்களுக்குப் போய்விட்டது. இதைச் சொன்னதும் என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "அப்படியானால் கெய்ரோ எங்கே? காட்டு."

அவன் நைல் ஆற்றின் பக்கமாகத் திருப்பினான். அக்கரையில் பசிய வயல்களும் நாணற்புதர்களுமே தென்பட்டன. கெய்ரோ நிறுவப்பட்டது கி.பி. 969இல். அல்-அஸ்ஹர் அதற்கும் மூன்றாண்டு பிந்தியது. நான் ஆயிரம் ஆண்டுகள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டேன். பையன் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் ஒட்டகத்தை நிறுத்திவைத்து, நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

குறைகளையும் சொல்லத்தானே வேண்டும். அந்த நகரில் ஆயிரக்கணக்கானோர் நடமாடுகிறார்கள். மீன் விற்கிறார்கள், நெசவு செய்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். ஒருவரேனும் நம்மைத் திரும்பிப் பார்த்து 'எந்த ஊர்?' என்று கேட்பதில்லை. நாம் அங்கே ஆவிபோல் அலைகிறோம். இப்னு பதூதா இதே ஊரில் புர்ஹானுத்தீன் என்னும் பெரியாரிடம் மூன்று நாள் விருந்தினராகத் தங்கினார். 'உமக்கு ஊர்சுற்றும் ஆசை இருக்கிறது. இந்தியாவிலும் சிந்திலும் சீனத்திலும் இருக்கும் என் சகோதரர்களைக் கண்டு என் ஸலாமைச் சேர்ப்பியும்' என்ற கருத்தில் அவர் சொன்ன சொல்தான் அந்த இளைஞரை அவ்வளவு தொலைவு தள்ளியது. கலங்கரை விளக்கத்தைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பெரியாரைக் கட்ட முடியவில்லை. மாண்ட்ரியால் பள்ளிகளில் இந்தச் சுற்றுலாவால் மாணவர் எவ்வளவு கற்கிறார்கள் என்று ஆராய்ந்தபோதும், நேரில் ஆசிரியரிடம் கேட்டவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். என் தொழிலுக்கு உடனடி ஆபத்து ஏதுமில்லை என்று கொள்கிறேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 2021 வரை கிரேக்கத்துக்கும் வைக்கிங்குகளின் நாட்டுக்கும் இத்தகைய அமைதி வாசல்கள் திறக்கப்பட்டன. 2023இல் ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதை அதே நிறுவனத்தார் எழுப்பினார்கள். பைத்துல் ஹிக்மாவும் உண்டு. படித்தறியக் குறிப்புகளும் உண்டு. ஆனால் வெளிவந்தபோது கத்தியின்றி நுழையும் தனி வாசலை அதற்கு வைக்கவில்லை. அறிஞர் நூல் பெயர்த்த அந்த மாளிகைக்குள் நாம் கொலைஞனின் உருவில்தான் நுழையவேண்டுமா? இதைக் கேட்டபோது பையன், "நானும் அதைத்தான் மாமா நினைச்சேன்" என்றான். உண்மையாக நினைத்தானோ, மாமன் மனம் குளிரச் சொன்னானோ!

கத்தி வாசலும் அதே கணினியில்தான் இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. நான் இறங்கிச் சென்றபின் எந்த வாசலைத் திறப்பான் என்று எனக்கென்ன தெரியும்? ராத்தாவிடம் காயலான் கடைப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம், அதுவும் கதவு திறந்திருக்க, என்று மூவருமாகப் பேசி முடித்தோம். அவனுடைய தங்கை, பத்து வயதுக்காரி, தனக்கும் பங்கு வேண்டுமென்றாள். அவளுக்கு 'ஆல்பா' என்று ஒன்று இருக்கிறது. கடற்கரைத் தீவொன்றில் ஒரு சிறுமி பறவைகளைப் படம்பிடித்து, குப்பை பொறுக்கி, காட்டை அழித்து விடுதி கட்ட முனைவோருக்கு எதிராக ஊராரிடம் கையொப்பம் வாங்குகிறாள். அதில் எனக்கு மறுப்பேது?

மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தபோது நாங்கள் மீண்டும் துறைமுகத்தில் நின்றிருந்தோம். திரையிலும் பொழுது சாய்ந்து, விளக்கத்தின் உச்சியில் நெருப்பு தெரிந்தது. பையன் கணினியை அணைத்துவிட்டு எனக்கு முன்னே படியிறங்கினான். பள்ளிவாசலுக்கு நடக்கும் வழியில், "அந்தப் புத்தகம் உங்ககிட்டே இருக்கா மாமா?" என்றான்.

ஊருக்கு வந்ததும் பீரோவைத் திறந்து தேடினேன். இப்னு பதூதா கிடைத்தார். அட்டை கிழிந்திருந்தது. உள்ளே, கலங்கரை விளக்கத்தைச் சொல்லும் பக்கத்தில், என் பழைய பாஸ்போர்ட் செருகியிருந்தது. ஒரு முத்திரையும் விழாத வெற்றுப் பக்கங்கள். அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, நூலுக்கு உறையிட்டு, மறுநாள் தபாலில் அவன் பெயருக்கு அனுப்பினேன்.